விலை போகாத மூட்டைகள்

மேல்விஷாரம், 2025

ஜனவரி 30, வியாழன்

பெரியமேட்டிலிருந்து வந்த மாட்டுத்தோல் லோடு நேற்று ராத்திரியே இறங்கிவிட்டது. காலையில், தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பை உதறும் வேலை. தோலை விரித்து இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி மரச்சட்டத்தின் மேல் அடிப்பார்கள். மூன்று அடிக்கு மேல் போனால் மேஸ்திரி சத்தம் போடுவார், நேரம் போகிறதென்று. ஆனால் மூன்றாவது அடிக்குப் பிறகுதான் மடிப்புக்குள் இருக்கிற உப்பு விழவே ஆரம்பிக்கும். கழுத்துப் பக்கமும் வயிற்றோரமும் சுருங்கிக் கிடக்கும் இடத்தில் கையை விட்டு வழிக்க வேண்டும். விழுவது வெள்ளை உப்பும் இல்லை. காய்ந்த ரத்தம், மயிர், சாணி எல்லாம் கலந்த பழுப்புத் தூள். உதறுகிறவர்களின் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். கையுறை கொடுத்திருக்கிறோம், கையுறையோடு மடிப்பு பிடிபடாது என்று கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள்.

உதறிய உப்பை எடை போட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு ஆபீசுக்குத் திரும்பும்போது போனில் செய்தி. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன். நஷ்டஈடு கிடைக்காமல் விட்டுப்போனவர்களுக்கு அரசு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு நான்கு வாரத்தில் அமைய வேண்டும்.

இந்த வழக்கின் வேர் 1991-இல் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட பொதுநல வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-இல் குல்தீப் சிங் அமர்வு கொடுத்த தீர்ப்பைப் படிக்காத சட்டக் கல்லூரிப் பிள்ளை இந்தியாவில் இருக்காது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் சொன்னது. அதன்பின் வந்த ஆணையம் 2001 மார்ச்சில் கணக்கு முடித்தது: 547 தொழிற்சாலைகள், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், நஷ்டஈடு 26.82 கோடி ரூபாய். அந்தக் கணக்கு 1998 டிசம்பரோடு நிற்கிறது. பாலாற்றுக் கிணறுகள் அந்தத் தேதியில் நல்ல தண்ணீருக்குத் திரும்பிவிடவில்லையே.

முதலாளி பாய் செய்தியை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். பிறகு, "நம்ம ரிஜிஸ்டரெல்லாம் சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 31, வெள்ளி

ராணிப்பேட்டை விபத்துக்கு இன்றோடு பத்து வருஷம். தீர்ப்பும் இந்தத் தேதியும் ஒரு நாள் இடைவெளியில் வந்திருக்கின்றன. அதைப் பற்றி எங்கள் டேனரியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டிய நேரம். சிப்காட்டில் இருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஸ்லட்ஜ் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் படுத்திருந்த தொழிலாளிகள் மேல் கசடு பாய்ந்தது. பத்துப் பேர் செத்துப் போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். தூக்கத்தில் இருந்தவர்களுக்கு எழுந்து ஓட நேரமே இருந்திருக்காது.

வெளியூர்க்காரர்கள் டேனரி மாசை வெறும் தண்ணீர் மாசு என்றே பேசுகிறார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்தால் அழுக்கு மறைந்துவிடாது, கெட்டியாகும். நிலையம் எவ்வளவுக்கு எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறதோ அவ்வளவுக்கு ஸ்லட்ஜ் சேரும். ஆற்றில் விடுகிற காலத்தில் தண்ணீரோடு போனது, இப்போது மூட்டையாக நம் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. மூட்டையை எடுத்துப் போக வழி செய்யாமல் தண்ணீரை மட்டும் தெளியவைக்கச் சொன்னால், தொட்டியில் ஏற்றி ஏற்றித்தான் வைப்பார்கள். அன்றைக்கு உடைந்தது அப்படி நிரம்பிய ஒரு தொட்டி.

ஜும்ஆவுக்குப் போய் வந்தபிறகு ஷேவிங் மிஷின் பக்கம் ஒரு நடை. வடக்கத்திப் பையன்கள் நான்கு பேர் டிபன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்குப் பத்தொன்பது இருபதுதான் இருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் அவன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான்.

பிப்ரவரி 1, சனி

பட்ஜெட். ஆபீஸ் டிவியில் எல்லோரும் வருமான வரிக்காகக் காத்திருக்க, முதலாளி பாய் காத்திருந்தது வேறொன்றுக்கு. வெட் ப்ளூ இறக்குமதிக்குச் சுங்க வரி கிடையாது என்றதும் மேஜையைத் தட்டினார். பதனிட்டுக் காயவைத்த, மெருகேற்றாத க்ரஸ்ட் தோல் ஏற்றுமதிக்கு இருந்த 20 சதவீத வரியையும் எடுத்துவிட்டார்கள்.

வெட் ப்ளூ என்றால் க்ரோம் ஏற்றி முடித்த, ஈரமான, வெளிர் நீலத் தோல். வெளிநாட்டிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னரில் இறங்கும். வரியில்லாமல் அது நிறைய வந்தால் எனக்கு என்ன மாறும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஐ.நா. தொழில் வளர்ச்சி நிறுவனமான யூனிடோவின் பழைய கணக்கு ஒன்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்: ஒரு டன் பச்சைத் தோலில் முடிந்த லெதராக வெளியே போவது சுமார் 200 கிலோ. க்ரோம் ஏறாத கழிவு 250 கிலோ, க்ரோம் ஏறிய கழிவு 200 கிலோ. மிச்சம் தண்ணீரோடு போகிறது. வெட் ப்ளூவாக வாங்கினால் உப்பும் மயிரும் சதையும் அந்தந்த நாட்டிலேயே தங்கிவிடும். தடிமன் சீவும்போது விழும் ஷேவிங்கும், தோலைத் தேய்க்கும்போது பறக்கும் பஃபிங் தூளும் நமக்கு வரும். என் பதிவேட்டில் ஒரு பத்தி மெலியும், இன்னொன்று பருக்கும். உலகத்தில் கழிவு ஒரு கிலோகூடக் குறையாது.

பணக்கார நாடுகள் இதை எப்போதோ கண்டுகொண்டுவிட்டன. ஈரமான, நாற்றமடிக்கிற முதல் பாதி வேலை அவர்களிடமிருந்து கைமாறி நம் மாதிரி ஊர்களுக்கு வந்தது. டாக்காவில் ஹஸாரிபாக்கிலிருந்து டேனரிகளை 2017-இல் சாவருக்கு மாற்றினார்கள். இடம் மாறியது, திடக்கழிவு அங்கேயும் ஆற்றோரத்தில் குவிந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

அப்துல் ஹக்கீம் கல்லூரியில் என்னோடு கெமிஸ்ட்ரி படித்தவன் காசிமேட்டிலிருந்து வந்திருந்தான். அங்கே ஐஸ் கம்பெனியில் வேலை. பிரியாணி முடித்து, ஆற்காட்டு மக்கன் பேடாவைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"இன்னாபா, உங்க ஊர் வாசனை மாறவேயில்ல."

"உங்க ஊர்ல மட்டும் பன்னீர் தெளிக்கிறாங்களாக்கும்."

அவனிடம் துறைமுகக் குப்பையைப் பற்றிக் கேட்டேன். என் தொழில் புத்தி. மீன் குடலும் தலையும் நசுங்கிய பொடிமீனும் காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போகிறது. இறால் ஓட்டில் கைட்டின் இருக்கிறது, அதிலிருந்து கைட்டோசான் எடுக்க வாங்கிப் போகிறார்கள். (அந்தக் கைட்டோசானை வைத்து டேனரித் தண்ணீரிலிருந்து க்ரோமைப் பிடிக்கலாம் என்று எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. எங்கள் இரண்டு ஊர்க் குப்பையும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் பேசலாம்.) ஆனால் கிழிந்த நைலான் வலை, உடைந்த தெர்மாகோல் பெட்டி, எஞ்சின் ஆயில் டப்பா? அதெல்லாம் படகுக்கும் கரைக்கும் நடுவில் மிதக்கிறது. கொல்லம் பக்கம் நீண்டகரைத் துறைமுகத்தில் 2017-இல் ஒரு வேலை நடந்தது. வலையில் மீனோடு ஏறிவரும் பிளாஸ்டிக்கைக் கடலில் திருப்பிக் கொட்டாமல் மீனவர்களே கரைக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் அதைப் பிரித்துக் கழுவினார்கள். பொடியாக்கித் தார்ச்சாலைக்குக் கொடுத்தார்கள். அரசு பின்னால் நின்று செலவு செய்ததால் நடந்தது. சந்தை தானாகச் செய்த காரியம் இல்லை அது.

கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டான். "நாங்க மீனுக்கு ஐஸ் போடுறோம். நீங்க ஏன் தோலுக்கு ஐஸ் போடல?"

செலவு என்றேன். பதில் எனக்கே பற்றவில்லை.

பிப்ரவரி 5, புதன்

வாங்குகிறவர்கள் நாள். காலையில் ஃப்ளெஷிங் எடுக்கிற டிராக்டர். தோலின் உள்பக்கத்திலிருந்து மிஷின் சீவி எறியும் சதையும் சவ்வும் கொழுப்பும். சுண்ணாம்பில் ஊறி வெளுத்து, வழவழவென்று, குவியலாகக் கிடக்கும். பசைக்குப் போகிறது. ஆசாரிகள் ஒரு காலத்தில் காய்ச்சி ஒட்டிய வஜ்ரம் இந்த வம்சம்தான். சுண்ணாம்புத் தோலின் ஓரத் துண்டுகள் ஜெலட்டினுக்கு. க்ரோம் ஏறாத மற்றத் துண்டுகள் நாய் கடிக்கும் எலும்பு பொம்மையாகி அமெரிக்காவுக்குப் போகும். க்ரோம் ஷேவிங், அந்த நீலச் செதில், லெதர் போர்டாக அழுத்தப்பட்டுச் செருப்பின் உள்ளட்டையில் முடியும். ஷேவிங் வாங்குகிறவர் ஈரம் அதிகம் என்று எடையில் கை வைத்தார். சண்டை போட்டுப் பாதி மீட்டேன்.

ஃப்ளெஷிங்கை வைத்து இதே ஊரில் எரிவாயுகூட எடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையமான விஷ்டெக்கில் ஃப்ளெஷிங்கையும் முதல்நிலை ஸ்லட்ஜையும் சேர்த்துப் புளிக்கவைக்கும் ஆலை ஒன்று அமைந்தது. குப்பையிலிருந்து மின்சாரம் என்று மத்திய அரசு சர்வதேச நிதியுதவியோடு நடத்திய திட்டத்தில் அது ஒன்று. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் இந்த ஊருக்கு நடையாய் நடந்த காலம் அது. விலை கொடுத்து வாங்க ஆள் வந்துவிட்டால் எந்த மேஸ்திரியும் ஃப்ளெஷிங்கை வாயுக்குக் கொடுக்கமாட்டார். அதில் தப்பும் இல்லை.

ஆக, என் ஷெட்டில் காலியாகும் மூலைகளும் உண்டு, காலியே ஆகாத மூலைகளும் உண்டு. ஃப்ளெஷிங் நாளைக்கு நாறும் என்பதால் இன்றே போகிறது. ஷேவிங்குக்குக் காசு வருவதால் போகிறது. பஃபிங் தூளும் க்ரோம் ஸ்லட்ஜும் உப்பும் நகராது. கூட்டங்களில் கழிவு மேலாண்மை என்று படம் போட்டுக் காட்டும்போது போகிற பொருள்களைத்தான் காட்டுகிறார்கள். அதற்கு மேலாண்மை எதற்கு? அது எப்படியும் போய்விடும். நகராததைப் பற்றிப் பேசுகிறவன் பேச்சைத்தான் நான் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

ஆற்றைத் தாண்டி ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு ஒரு வேலையாகப் போனேன். திரும்பும்போது வண்டியைப் பழைய க்ரோமேட் கம்பெனி வழியாக விட்டேன். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ். எழுபதுகளின் நடுவில் தொடங்கித் தொண்ணூறுகளின் நடுவில் மூடியது. விட்டுப்போன சொத்து, இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் க்ரோமியக் கழிவு, திறந்த வெளியில் குவியல். 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகத்தின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று பட்டியல் போட்டபோது செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

டேனரியில் நாங்கள் போடுவது மூன்று இணைதிறன் க்ரோமியம். அந்தக் குவியலில் இருப்பது ஆறு. முன்னது ஓரளவு சாது. பின்னது தண்ணீரில் கரைந்து நடக்கும், புற்றுநோய் தரும். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் எங்கள் முதலாளிகளுக்குக் கோபம் வரும், நியாயம்தான். ஆனால் எங்கள் ஷேவிங்கை எவனாவது செங்கல் சூளையில் போட்டுக் கொளுத்தினால் மூன்று ஆறாக மாறுவதற்குச் சூடும் காற்றும் போதும். அதனால்தான் ஷேவிங் வாங்குகிறவர் எங்கே கொண்டுபோகிறார் என்று எழுதி வாங்காமல் நான் மூட்டையை விடுவதில்லை. மேஸ்திரிக்கு இது வீண் வம்பு.

பிப்ரவரி 10, திங்கள்

ஒருவழியாக ஸ்லட்ஜ் லாரி வந்தது. 2016 விதிப்படி அபாயக் கழிவைத் தொண்ணூறு நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்கக் கூடாது. தேதி நெருங்க நெருங்க லாரிக்காரர் போனை எடுக்கமாட்டார். எல்லா டேனரிக்கும் ஒரே சமயத்தில் தேதி நெருங்கும் அல்லவா.

படிவம் 10. ஏழு நிறத்தில் ஏழு தாள். வெள்ளைத்தாள் நம்மிடமிருந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. மஞ்சள், டிரைவர் கையெழுத்தோடு நம் ஃபைலில். இளஞ்சிவப்பு, கழிவைப் பெற்றுக்கொள்கிற இடத்தில் நிற்கும். ஆரஞ்சு லாரிக்காரருக்கு. பச்சை அங்கிருந்து வாரியத்துக்கு. நீலம் அங்கிருந்து நமக்குத் திரும்ப வேண்டும். சாம்பல் நிறம் வேறு மாநிலத்துக்குப் போனால்தான். இதில் என் உயிர் நீலத்தாளில் இருக்கிறது. மூட்டைகள் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்க் கும்மிடிப்பூண்டியில் உள்ள பாதுகாப்பான புதைகுழியில் சேர்ந்தன என்பதற்கு எனக்கிருக்கும் சாட்சி அது ஒன்றுதான். நடுவில் ஏதாவது ஏரிக்கரையில் இறங்கியிருந்தால் நீலம் வராது.

டிரைவர் ஏழு தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இவ்ளோ பேப்பர் தங்கத்துக்குக்கூடக் கிடையாது சார்" என்றார். தங்கம் தொலைந்தால் தேட ஆள் இருக்கிறார்கள்.

உப்புக்கு இந்த மரியாதைகூட இல்லை. லாரியும் இல்லை, எடுத்துப் போகச் சொல்லவும் ஆள் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பராஅத் இரவு. கபரஸ்தானுக்குப் போய் அத்தாவுக்கு ஃபாத்திஹா ஓதிவிட்டு வந்தேன். அத்தா ஊறல் குழியில் முப்பது வருஷம் நின்றவர். அந்தக் காலத்தில் உப்பை உதறுவது யார்? அப்படியே குழியில் போட்டு, ஊறிய தண்ணீரைத் திறந்துவிட்டால் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஆறு. வீட்டுக் கிணறு கரித்தபோது அம்மாதான் முதலில் சொன்னாள், பருப்பு வேகவில்லை என்று. இப்போது தெருவில் வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர்.

உப்புத் தோலை ஊறவைத்த தண்ணீரை இப்போது தனியாகப் பிரிக்கிறோம். பாத்தியில் விட்டு வெயிலில் காயவைக்கிறோம். சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. வந்தபிறகு அங்கே ஒதுங்கும் உவர்நீரைக் காய்ச்சியும் உப்பு எடுக்கிறார்கள். அதில் சோடியம் குளோரைடும் சல்ஃபேட்டும் கலந்திருக்கும். மூட்டை மூட்டையாக ஷெட்டுக்குள். மழைபட்டால் கரைந்து மறுபடி பூமிக்குள்தான் போகும், ஆகவே மேலே கூரை, கீழே தளம், காலாகாலத்துக்கும் காவல்.

அதே உப்பைத் திரும்பத் தோலுக்குப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் உப்பிலேயே வாழும் கிருமி இருக்கிறது. புதுத் தோலில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி எழுப்பிவிடும். சுத்தம் செய்து, க்ரோம் ஏற்றுவதற்கு முன் தோலை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைக்கும் பிக்கிள் ட்ரம்முக்குக் கொஞ்சம் போடலாம். சுத்தம் செய்கிற செலவைவிட தூத்துக்குடி உப்பு மலிவு. கதை அங்கே முடிகிறது.

பிப்ரவரி 15, சனி

காசிமேட்டுக்காரன் கேட்டதை வைத்து ஒரு கணக்குப் போட்டு முதலாளி பாயிடம் கொண்டுபோனேன்.

மேல்நாட்டில் அறுப்புக் கூடமும் டேனரியும் பக்கத்தில் இருந்தால் தோலைக் குளிரவைத்து உப்பில்லாமலே ஓட்டிவிடுகிறார்கள். நமக்குத் தோல் வருவது ஊர் ஊராக நூறு இடத்திலிருந்து, ஐஸ் தாங்காது. அதை விட்டுவிட்டேன். நான் கேட்டது வேறு. உரித்த தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்பு போடுகிறார்கள், கை போன போக்கில். மாட்டுத்தோலை நாம் எடைக்கு வாங்குகிறோம். மடிப்பில் ஒட்டிய உப்புக்கும் தோல் விலை கொடுக்கிறோம். பிறகு அதை உதறக் கூலி, கழுவத் தண்ணீர், காயவைக்கப் பாத்தி, வைக்க ஷெட். வியாபாரிக்கு உப்பு கூடினால் லாபம், நமக்கு ஒவ்வொரு கிலோவும் நஷ்டம். உதறிய தோல் என்றால் கிலோவுக்கு இவ்வளவு கூட, உதறாதது என்றால் இவ்வளவு கம்மி என்று வாங்கும்போதே விலை வைத்துவிட்டால், உப்பு அறுப்புக் கூடத்தோடு நிற்கும். அங்கே அது இன்னும் ஓரளவு சுத்தமாக இருக்கும்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். "நாம மட்டும் இப்டி கேட்டா மத்த டேனரிக்குத் தோலைத் தள்ளிட்டுப் போயிடுவான். அசோசியேஷன்ல எல்லாரும் சேர்ந்து சொன்னாதான் ஆகும்."

"மீட்டிங்ல நீங்க சொல்லுங்க பாய்."

"தீர்ப்பு வந்த நேரம். எல்லார் காதும் திறந்துதான் இருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "எழுதிக் குடு. ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். ஒரு லோடு எடை போட்டு, உதறி, மறுபடி எடை போட்டுக் காட்டு. நம்பர் இல்லாம அங்க எவனும் கேக்க மாட்டான்."

செவ்வாய்க்கிழமை ஈரோட்டு லோடு வருகிறது. தோலுக்கு மூன்று அடி போதாது, ஆறு அடி வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். கூலிக்கு அரை மணி நேரம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளவும் பாய் ஒப்புக்கொண்டுவிட்டார். எடைமேடைக்காரரிடம் காலை ஏழு மணிக்கு முன்னால் வரச் சொல்லி ஞாபகப்படுத்த வேண்டும். கும்மிடிப்பூண்டி நீலத்தாள் இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை போன்.